காசநோய் ஸ்டேஷனில் இறங்கும் முழங்கால்கள்

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் காலை நேரத்தில் நின்று பாருங்கள். படிக்கட்டு முன்னால் ஒரு நொடி தயங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுகிறவர்கள் கண்ணில் படுவார்கள். ஸ்டேஷனுக்குப் பெயர் கொடுத்தது காசநோய். இவங்க வருவது மூட்டுவலிக்கு.

1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கே சானடோரியம் தொடங்கியபோது காசநோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, அவ்வளவுதான் சிகிச்சை. அது வேலை செய்யுதா என்று பெரும்பாலும் யாரும் கேட்கவில்லை. கேட்டது 1956-ல், சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம். 193 மதராஸ் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு. மறு பாதி நெரிசலான தன் வீட்டுக்கே. இருவருக்கும் ஒரே மாத்திரைகள். 1959-ல் முடிவு வந்தது: பெரிய வித்தியாசம் இல்லை. குணப்படுத்தியது மருந்து; காற்றும் கட்டிலும் அல்ல. உலகம் முழுக்க சானடோரியங்களின் நியாயத்தையே அசைத்த கேள்வி, நம்ம ஊரில் கேட்கப்பட்டது.

2005-ல் அதே சானடோரியம் பகுதியில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் முறைப்படி திறக்கப்பட்டது. முழங்கால் தேய்மானத்துக்கு சித்தத்தில் பெயர் அழல் கீல் வாயு. புற மருந்துகள் 32 வகை என்பார்கள்: பற்று, ஒற்றடம், தொக்கணம், கட்டு, பூச்சு... அதில் 'சீலை'யும் உண்டு, மருந்து தோய்த்த துணி. இன்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கி ஒட்டிக்கொள்கிற பேட்சுக்குத் தூரத்துச் சொந்தம். (ஜப்பானின் சலோன்பாஸ் 1934-லேயே வந்துவிட்டது.)

வெளிமருந்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? பாட்டி தினமும் வலி மாத்திரை விழுங்கினால் வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும். தோல் வழியாகப் போனால் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. ஆனால் இதைச் சோதிப்பதுதான் தலைவலி. டைக்ளோஃபெனாக்கைத் தோலில் பூசிய மூட்டுத் தேய்மான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், 10 பேரில் சுமார் 6 பேருக்கு நல்ல நிவாரணம். மருந்தில்லாத வெறும் களிம்பு பூசியவர்களில்? 5 பேர்! வலி தாங்க முடியாத நாளில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். சும்மா விட்டாலும் அது கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். தேய்த்துவிடுகிற கைக்கும் ஒரு பங்கு இருக்கு.

சித்த முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளில் அழல் கீல் வாயு திரும்பத் திரும்ப வருகிறது. அவற்றில் பல, சிகிச்சைக்கு முன் வலி எவ்வளவு, பின் எவ்வளவு என்று மட்டும் அளப்பவை. ஒப்பிட இன்னொரு குழு இல்லை. 6-ல் அந்த 5 எங்கே போச்சு என்று இதில் தெரியாது. இது சித்தத்தின் குறை என்று சொல்ல மாட்டேன். பேட்ச் கம்பெனிகளுக்கும் இதே கேள்விதான். என்ன, போலி பேட்ச் செய்வது சுலபம். போலிப் பற்றை எப்படிச் செய்வது? நிறம், வாசனை, தோலில் அந்தச் சூடு எல்லாம் ஒன்றாக இருக்கணும், மருந்து மட்டும் இருக்கக் கூடாது. முடியாவிட்டால் ஒரு குழுவுக்குப் பற்று, இன்னொன்றுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் கொடுத்து, வலியைக் கேட்டு எழுதுகிறவருக்கு யாருக்கு எது என்று தெரியாமல் வைக்கலாம். குலுக்கிப் போடுவதற்கு நோயாளிகள் அந்தப் படிக்கட்டில் தினமும் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.