பேர் வெட்டின பாத்திரங்கள்

2009இல் இடம்பெயர முன், வன்னியில் கனபேர் குத்துவிளக்கு, செம்பு, குடத்தையெல்லாம் வளவுக்குள்ளேயே புதைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து தோண்டி எடுத்தவர்களும் உண்டு. பச்சை படிந்த பித்தளை நேரே பொலிஷ் கடைக்குத்தான் போகும். பிரச்சினையே அங்கேதான்.

யூதர்களின் சடங்கு வெள்ளியைப் பழுதுபார்க்கிறவர்கள் இதில் சரியான கவனம். கொச்சியில் 1568இல் கட்டின பரதேசி யூதத் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. 1948க்குப் பிறகு அங்கத்தைய யூதர்களில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். தோரா என்ற வேதச்சுருளை வெள்ளித் தகடு போர்த்த மரப்பேழையில் வைப்பது அவர்களின் வழக்கம். இப்படியான பொருட்களில் கொடுத்தவரின் பேரும், யாருடைய நினைவாக என்பதும் வெட்டியிருப்பதுண்டு.

வெள்ளி கறுப்பது கந்தகத்தால். தேய்க்கத் தேய்க்கக் கொஞ்சம் வெள்ளியும் போகும், எழுத்தும் மழுங்கும். உடைந்ததை ஈயத்தால் ஒட்டுவது அதைவிட மோசம்: பிறகு யாராவது கூடச் சூடாக்கினால் ஈயம் வெள்ளியையே அரித்துவிடும். அதனால் நல்ல கைவினைஞர் சில நெளிவுகளைத் தொடவே மாட்டார்.

எங்கட ஆக்களும் பேர் வெட்டுவினம்தானே, சீதனக் குடத்திலும் கோயில் விளக்கிலும். சில பேருக்குரியவர்கள் திரும்பி வரவேயில்லை. அந்தக் குடத்தைச் சக்கரத்தில் பிடிக்காதேங்கோ. சவர்க்காரத் தண்ணியும் மெல்லிய துணியும் போதும். பச்சை கொஞ்சம் மிஞ்சினால் மிஞ்சட்டும்.