மாத்திரைச் சூடு

ஒரு மருந்து உடம்பில் தடிப்பையோ கொப்புளத்தையோ கிளப்பிவிட்டால் திருக்கோவிலூர்ப் பக்கத்துப் பெண்கள் ‘மாத்திரை சூடு’ என்பார்கள். ‘ஒத்துக்கல’ என்றும் சொல்வதுண்டு. முதல் சொல் குற்றத்தை மாத்திரையின் மேல் வைக்கிறது. இரண்டாவது, மாத்திரைக்கும் அந்த உடம்புக்கும் இடையே ஏதோ பொருத்தம் தவறிவிட்டது என்கிறது. தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு இந்த இரண்டாவது சொல்லின் மேல் தனிப் பிரியம். மருத்துவம் அதே இடத்துக்கு வந்து சேர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்த வரலாற்றின் தொடக்கத்தில் நம் செங்கல்பட்டும் இருக்கிறது.

டாப்சோன் 1908-இல் ஜெர்மனியில், சாயப்பொருள் ஆராய்ச்சியின் வழியே உருவான வேதிப்பொருள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் யாரும் அதை மருந்தாக நினைக்கவில்லை. தொழுநோய்க்கு அதுவரை நீரடிமுத்து எண்ணெய்தான். அதை ஊசியாகவும் போட்டார்கள். 1941-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் கை ஃபாஜெட் அதே சல்ஃபோன் குடும்பத்தைச் சேர்ந்த புரோமினைக் கொடுத்துப் பார்த்துப் பலன் கண்டார். செங்கல்பட்டை அடுத்த திருமணியில், லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய ராபர்ட் காக்ரேன், 1946 வாக்கில், மலிவான மூலப்பொருளான டாப்சோனையே நோயாளிகளுக்குப் போடத் துணிந்தார். அந்த மலிவுதான் பின்னால் ஏழை நாடுகளின் லட்சக்கணக்கான நோயாளிகளுக்கு மருந்தைக் கொண்டு சேர்த்தது.

‘இரத்தக் கண்ணீர்’ படம் வந்தது 1954-இல். எம்.ஆர். ராதாவின் நடிப்பை ரசிக்காதவர் யார்? ஆனால் அதில் பெருநோய் என்பது மனைவியைக் கைவிட்டவனுக்குக் கிடைத்த தண்டனை. திரையில் நோய் பாவத்தின் கூலியாக இருந்தபோது, திருமணியில் மருந்து வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த ஆண்டு, 1955-இல், போலம்பாக்கத்தில் பெல்ஜியத்திலிருந்து வந்த ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸும் மருத்துவர் கிளேர் வெல்லுட்டும் மரத்தடியிலேயே வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். நோயாளியைப் பிரித்து அடைக்காமல் ஊருக்கே மருந்து போனது பெரிய மாற்றம்தான். ஆனாலும் மரத்தடி என்பது ஊரே பார்க்கும் இடம். கல்யாணமாகாத ஒரு பெண் அங்கே வந்து வரிசையில் நிற்பதற்கு என்ன விலை கொடுத்திருப்பாள் என்ற கேள்வி எனக்கு உண்டு.

மருந்து பரவியதும் அதன் இன்னொரு முகமும் தெரிந்தது. 1949-இல் நைஜீரியாவிலிருந்து லோவும் ஸ்மித்தும் எழுதினார்கள்: மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் சிலருக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, நெறிகட்டுதல். சிலருக்கு மஞ்சள் காமாலையும் சேர்ந்துகொள்ளும். டாப்சோன் எடுப்பவர்களில் நூற்றுக்கு அரைப் பேரிலிருந்து மூன்றரைப் பேர் வரை இது வருகிறது. வந்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இறந்துபோகிறார்.

ஏன் சிலருக்கு மட்டும்? 2013-இல் சீன ஆய்வாளர்கள் விடையில் பெரும்பகுதியைச் சொன்னார்கள். நம் உயிரணுக்களின் மேல் எச்எல்ஏ என்ற புரதங்கள் இருக்கின்றன. ‘உள்ளே இருப்பது இதுதான்’ என்று துண்டுகளை எடுத்து நோய் எதிர்ப்புப் படைக்குக் காட்டுவது அவற்றின் வேலை. அவற்றில் எச்எல்ஏ-பி*13:01 என்ற வகை இருப்பவரிடம் டாப்சோன் அந்தப் புரதத்தில் போய்ப் பொருந்திக்கொள்ள, படை சொந்த உடம்பையே பகையாக எண்ணிப் பாய்கிறது. இந்த வகை உள்ளவர்களுக்கு ஆபத்து சுமார் இருபது மடங்கு. இந்தியர்களில் இது சமூகத்துக்குச் சமூகம் மாறி, நூற்றுக்கு ஒருவரிலிருந்து பன்னிரண்டு பேர் வரை இருக்கிறது. ஆப்பிரிக்கர்களிடம் அநேகமாக இல்லை. ஆனால் முதல் விவரிப்பு நைஜீரியாவிலிருந்து வந்ததே! மரபணு மட்டுமே முழுக்கதை அல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். எண்பதுகளில் என் பெரியம்மாவுக்கு முதுகில் உணர்வற்ற தேமல். ரகசியமாக மாத்திரை வாங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துத் தின்றாள். ஐந்தாம் வாரம் காய்ச்சலும் செந்தடிப்பும். அம்மை என்று வீட்டில் வேப்பிலை செருகினார்கள். மாத்திரையைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் நோயின் பெயரும் வெளியே வந்திருக்கும். தானாகவே நிறுத்தினாள், பிழைத்தாள். அவள் போன பிறகு டிரங்குப் பெட்டியில் சிகிச்சை அட்டை கிடைத்தது. அவள் மகள், என் அக்கா, “அம்மாவுக்குப் பெரியம்மை மாதிரி வந்துச்சுன்னுதான எங்களுக்குத் தெரியும்” என்றாள். அப்போது அக்காவுக்கே வேறொரு தோல் நோய்க்கு டாப்சோன் எழுதிக் கொடுத்திருந்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது மருந்து ஒவ்வாமை உண்டா என்று டாக்டர் கேட்டாராம். இல்லை என்று சொல்லியிருக்கிறாள்.

அந்த மரபணு வகை தாயிடம் ஒரு பிரதி இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு. அம்மாவின் தோட்டையும் வெண்கலப் பானையையும் பங்கு பிரிக்கிறோம். அவளைச் சுட்ட மருந்தின் பெயர் மட்டும் யாருக்கும் வராமல் போகிறது. அக்கா அந்த அட்டையை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள்; மருந்து மாற்றப்பட்டது.

ஒளித்ததற்குப் பெரியம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தொழுநோய் விவாகரத்துக்கான காரணம் என்பதைச் சட்டம் நீக்கியதே 2019-இல்தான். வலிப்பு நோய்க்கும் இதே கதை. இந்துத் திருமணச் சட்டத்தில் தொடர் வலிப்பு, திருமணத்தை ரத்துசெய்யக் காரணமாக 1999 வரை இருந்தது. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசிபைன் சிலருக்குத் தோலையே உரித்துவிடும். ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய்க்குறி என்பார்கள். 2004-இல் தைவானில் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைச் சோதித்ததில் 44 பேரிடமும் எச்எல்ஏ-பி*15:02 இருந்தது. இந்த நோயில் வாயும் கண்ணும் புண்ணாவதை எல்லாரும் பார்க்கிறார்கள். பிறப்புறுப்பிலும் புண் வந்து, ஆறும்போது ஒட்டிக்கொண்டு, பெண்ணின் பின்னாள் வாழ்க்கையையே வலியாக்கிவிடும். கேட்டால் ஒழிய அவள் சொல்ல மாட்டாள், கேட்பதும் குறைவு.

மரபணு என்ற சொல் கல்யாணச் சந்தையில் இன்னொரு ‘குறை’ ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. இது நோய் அல்ல. அந்த மாத்திரையைச் சந்திக்காதவரை இதனால் ஒரு தீங்கும் இல்லை. இரத்தப் பிரிவைப் போல ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக வருவது.

சீனாவில் தொழுநோயாளிகளுக்கு முன்கூட்டியே இந்தச் சோதனையைச் செய்து, 13:01 இல்லாத 1251 பேருக்கு மட்டும் டாப்சோன் கொடுத்தார்கள். ஒருவருக்கும் அந்த விபரீதம் வரவில்லை. நம் தொழுநோய்த் திட்டத்தில் இந்தச் சோதனை வழக்கத்தில் இல்லை. அது வரும்வரை கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் இருக்கும் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய காவல், மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில் அவளைத் தேடிவரும் செவிலியர்தான். காய்ச்சலோ தடிப்போ வந்தால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்ல வேண்டும். அதை மாமியாரும் கணவரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். மாத்திரையின் பெயரை அவளுக்குத் தெரிந்த எழுத்தில் எழுதியும் கொடுக்க வேண்டும்.