தந்தி முதல் 'அரட்டை' வரை

கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலிலிருந்து கும்பக்கரையை நோக்கி இறங்கும் பழைய மலைப்பாதையில் வெள்ளகவி என்னும் சிற்றூர் உள்ளது. தலைமுறைகளாக வண்டிச்சாலை இன்றி வாழ்ந்த ஊர் அது. தேர்தல் நாட்களில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை முதுகில் அவ்வூருக்குச் செல்லும் படத்தை நீங்கள் செய்தித்தாளில் பார்த்திருக்கலாம். ஊருக்குள் செருப்பணிந்து நடப்பதில்லை என்பது அங்குள்ளோர் போற்றிவரும் வழக்கம்.

மாணவர்களுடன் அப்பாதையில் நடக்கச் சென்றபோது, வட்டக்கானல் தேநீர்க்கடை ஒன்றில் வெள்ளகவிப் பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். பட்டர் புரூட் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அமர்ந்திருந்தார். கையில் புதுக் கைப்பேசி. "சாரு, மகன் மதுரையிலருந்து 'வாட்ஸ்அப்' போடச் சொல்றான். கொஞ்சம் போட்டுக் குடுங்க" என்றார். போட்டு முடிப்பதற்குள், கடன் வேண்டுமா என்று கேட்டு இரண்டு குறுஞ்செய்திகள் வந்து விழுந்தன.

"எங்க ஊருக்கு ரோடு வேணும்னு தலைமுறை தலைமுறையாக் கேக்குறோம். இந்தக் கடன்காரன் மட்டும் எப்படி சாரு உடனே வந்துட்டான்? இவன் கண்ணுல படாம இருக்க எந்தப் பட்டனை அமுக்கணும்?"

அவருடைய கேள்விக்கு நேரான விடை ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டு வரலாற்றில் இருக்கிறது. அதைச் சற்றுப் பார்ப்போமா?

நம் நாட்டில் மின்சாரத்தால் செய்தி அனுப்பும் முயற்சியைத் தொடங்கியவர் வில்லியம் ஓ'ஷாநசி என்னும் மருத்துவர். 1839-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கம்பி இழுத்துச் சோதனை செய்தார். 1855-இல் தந்தி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கடிதத்துக்கு உறை உண்டு. ஒட்டிவிட்டால் தபால்காரர் படிக்க இயலாது. தந்திக்கு உறை கிடையாது. தந்தி குமாஸ்தா ஒவ்வொரு சொல்லையும் படித்துத்தான் 'கட்டுக் கட கட்டு' என்று அனுப்ப வேண்டும். ஊரில் யார் பிறந்தார், யார் இறந்தார், எந்த வியாபாரி எவ்வளவு சரக்குக் கேட்டார் என்பதெல்லாம் முதலில் அவருக்குத்தான் தெரியும். ஆகவே வணிகர்கள் சங்கேதச் சொற்களைப் பயன்படுத்தலாயினர். அரசும் வாளாவிருக்கவில்லை. 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், பொது நெருக்கடியின்போது செய்திகளை இடைமறிக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்ற பிறகும் அச்சட்டம் நீண்ட நாள் உயிரோடிருந்தது.

வேண்டாத விளம்பரமும் தந்தியோடு பிறந்ததே. 1864-இல் லண்டன் பல் மருத்துவ நிறுவனம் ஒன்று, தங்கள் மருத்துவமனை திறந்திருக்கும் நேரத்தை அரசியல் பிரமுகர்கள் பலருக்கு மாலை வேளையில் தந்தியாக அனுப்பியது. தந்தி வந்தால் துக்கச் செய்தியோ என்று நெஞ்சு படபடக்கும் காலம் அது. பிரித்துப் பார்த்தால் பல் வைத்தியர்! கோபங்கொண்ட ஒருவர் 'டைம்ஸ்' பத்திரிகைக்கே கடிதம் எழுதிவிட்டார். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த மருத்துவர் ஒவ்வொரு தந்திக்கும் காசு கொடுத்தார். செலவு ஒரு கடிவாளமாக இருந்தது.

கணிப்பொறி அந்தக் கடிவாளத்தை அறுத்தது. 1978 மே மாதத்தில் கேரி தூர்க் என்னும் விற்பனையாளர், 'அர்ப்பாநெட்' வலையில் இருந்த ஏறத்தாழ நானூறு பேருக்குத் தம் நிறுவனத்தின் கணிப்பொறிகளைப் பற்றி ஒரே மின்னஞ்சலை அனுப்பினார். நானூறு பேருக்கு அனுப்பவும் ஒருவருக்கு அனுப்பவும் செலவு ஒன்றே.

உடனுக்குடன் உரையாடுவதும் அக்காலத்தில்தான் தொடங்கியது. 1973-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 'டாக்கோமாட்டிக்' என்னும் நிரல் பிறந்தது. ஒருவர் தட்டும் எழுத்து அந்தக் கணமே மற்றவர் திரையில் தோன்றும். 1996-இல் இஸ்ரேலிய இளைஞர்கள் சிலர் 'ஐ.சி.க்யூ.'வை வெளியிட்டபோது இவ்வழக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. நண்பர் இணைப்பில் இருக்கிறாரா என்று காட்டும் வசதி அதன் கவர்ச்சி; கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் வசதியையும் உடனே தரவேண்டியதாயிற்று. இன்று நாம் 'தனியுரிமை அமைப்பு' என்று சொல்வதன் மூதாதை அதுதான். அடுத்து வந்த 'ஏ.ஐ.எம்.', 'யாஹூ மெசஞ்சர்' ஆகியவை இலவசமாகவே கிடைத்தன. சாளரத்தின் ஓரத்தில் விளம்பரப் பட்டை மின்னிக்கொண்டிருக்கும். எல்லாம் இன்று மூடப்பட்டுவிட்டன. 'ஐ.சி.க்யூ.' 2024 ஜூனில் கண் மூடியது.

இப்போது 'வாட்ஸ்அப்'புக்கு வருவோம். 2009-இல் இதனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜான் கௌம், சோவியத் ஆட்சிக் காலத்து உக்ரைனில் வளர்ந்தவர். தொலைபேசியில் மனம் விட்டுப் பேச அஞ்சும் சூழல் அவருக்குத் தெரியும். விளம்பரம் வேண்டாம் என்பதில் அவரும் பிரையன் ஆக்டனும் உறுதியாக இருந்தனர். பிறகு எப்படிப் பிழைப்பது? ஆண்டுக்கு ஒரு டாலர் சந்தா. 2014-இல் 'பேஸ்புக்' நிறுவனம் இதை வாங்கியது.

என்னைக் கேட்டால், இவ்வரலாற்றின் திருப்புமுனை 2016-ஆம் ஆண்டுதான். ஜனவரியில் சந்தா நீக்கப்பட்டது. ஏப்ரலில் முனைக்கு முனை மறையாக்கம் வந்தது. ஆகஸ்டில், பயனாளர் பற்றிய சில தகவல்களைத் தாய் நிறுவனத்துடன் பகிர்வதாகக் கொள்கை மாறியது. மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மறையாக்கம் என்பது யாது? இதன் மூலக் கருத்தை 1976-இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்டனர். நீங்கள் திறந்த பூட்டுகளை ஊரெங்கும் வழங்கிவிடுகிறீர்கள். சாவி உங்களிடம் மட்டும் உள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எழுதுபவர் செய்தியைப் பெட்டியில் இட்டு அந்தப் பூட்டை அழுத்தி மூடிவிடுவார். மூடியபின் அவராலும் திறக்க முடியாது; சுமந்து வருபவராலும் முடியாது. தந்தி குமாஸ்தாவின் கண் ஒருவழியாகக் கட்டப்பட்டது. ஆனால் பெட்டியின் மேல் ஒட்டிய முகவரி வெளியேதான் இருக்கிறது. யார், யாருக்கு, எப்போது, எத்தனை முறை என்பதைச் சுமப்பவர் அறிவார். கடிதம் மறைந்தது, உறை மறையவில்லை. சந்தா போன இடத்தில் உறைக்கு விலை வந்தது.

2017 ஆகஸ்டு 24 அன்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2021-இல் கொண்டுவந்த கொள்கை மாற்றத்துக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் அந்நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2025 ஜூனில், நிலைத்தகவல் பகுதியில் விளம்பரம் வரும் என்று அந்நிறுவனமே அறிவித்தது.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு மாற்று உண்டு. 'ஸோஹோ' நிறுவனம் 2021-இல் வெளியிட்ட 'அரட்டை', 2025 செப்டம்பரில் திடீரென நாடெங்கும் பரவியது. அப்போது அதில் அழைப்புகளுக்கு மறையாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. அக்குறையைப் பலரும் சுட்டிக்காட்டியபின் அதையும் கொண்டுவரத் தொடங்கினர். வணிக மென்பொருள் விற்றுப் பிழைக்கும் நிறுவனம் என்பதால் விளம்பரத்தை நம்பவில்லை என்கிறார்கள். பெயர் தமிழில் இருக்கிறது என்று மட்டும் பார்க்காமல், இங்கும் இரண்டையும் கேளுங்கள்: கடிதத்துக்குப் பூட்டு உண்டா? உறையை யார் வைத்திருக்கிறார்?

பெரியவரிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன். கடன் குறுஞ்செய்திகளுக்காக 1909 என்னும் எண்ணுக்கு 'ஸ்டார்ட் 0' என்று அனுப்பினோம். பதிவு பெற்ற விளம்பரக்காரர்களை அது தடுக்கும். ஆனால் அவ்விதி 'வாட்ஸ்அப்'பில் வரும் செய்திகளைக் கட்டுப்படுத்தாது. அங்கே வேண்டாதவரை நாமே தடை செய்ய வேண்டும். கண்டவர் குழுவில் சேர்க்காதபடி, தொடர்பில் உள்ளவர் மட்டும் என்று மாற்றினேன். 2019 தேர்தலுக்குச் சற்று முன் வந்த வசதி இது. கடைசியாக வந்த நேரம், முகப்புப் படம் ஆகியவற்றையும் அவ்வாறே செய்தேன். இவையெல்லாம் அயலார் எட்டிப் பார்க்காதிருக்கப் போடும் திரைகள். வீட்டுக்காரருக்கு, அதாவது நிறுவனத்துக்கு, இவை திரையல்ல என்பதையும் சொல்லிவிட்டேன்.

இறுதியாக ஒன்று மிஞ்சியது. உரையாடல்களின் நகல் வெளியே சேமிக்கப்படும்போது அதற்குத் தனிப் பூட்டு உண்டு. நாமாகத் தேர்ந்தெடுத்தால்தான் அது விழும். கடவுச்சொல்லை மறந்தால் அந்நிறுவனத்தாலும் திறக்க இயலாது என்றேன்.

"அப்ப அது வேண்டாம் சாரு. பேரப்புள்ளைக போட்டோவெல்லாம் அதுலதான் வரும்" என்று சொல்லிக் கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.