நெஞ்சு மேல உட்கார்ந்தது யாரு? சேலம், 1692

இன்னிக்கு ஒரு கோர்ட் சாட்சியத்துல இருந்து ஆரம்பிக்கலாம். ஊர், சேலம். நம்ம மாம்பழச் சேலம் இல்லை. அமெரிக்காவில் மசாசூசெட்ஸ்ல இருக்கிற சேலம். வருஷம் 1692. அப்போ அது ஆங்கிலேயர் காலனி.

சாட்சி பேரு ஜான் லவுடர். பிரிட்ஜெட் பிஷப் என்ற பெண்ணோட அவருக்கு சில வருஷம் முன்னாடி ஒரு தகராறு. அந்தம்மாவோட கோழிகள் இவங்க தோட்டத்துக்குள்ள வந்து மேயுது, விஷயம் அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு ராத்திரி, நல்லபடியா படுக்கப் போன லவுடர் நடுச்சாமத்துல முழிக்கிறார். நெஞ்சு மேல பெரிய பாரம். நிலா வெளிச்சத்துல பார்த்தா, பிரிட்ஜெட் பிஷப் அவர் வயித்து மேல உட்கார்ந்திருக்காங்க. கழுத்தைப் பிடிச்சு நெரிக்கிறாங்க. கையால தடுக்க இவருக்கு சக்தியே இல்லை. கிட்டத்தட்ட விடியுற வரைக்கும் இதே நிலைமை.

ரிச்சர்ட் கோமன்னு இன்னொருத்தர். அவரும் அதே பெண் நெஞ்சு மேல வந்து படுத்ததா சொல்றார். பேச முடியலை, அசைய முடியலை, பக்கத்துல படுத்திருந்த மனைவியை எழுப்பக்கூட முடியலையாம்.

கேட்டவுடனே உங்கள்ல சில பேருக்கு வயித்தைக் கலக்கியிருக்கும். ஏன்னா இது உங்களுக்கும் நடந்திருக்கும். "பேய் அமுக்கிடுச்சு"ன்னு பாட்டி சொல்லியிருப்பாங்க. மருத்துவத்துல இதுக்குப் பேர் ஸ்லீப் பராலிசிஸ், தமிழ்ல தூக்க முடக்கம்.

உள்ளே என்ன நடக்குதுன்னு பார்ப்போம். தூக்கத்துல ரெம் என்று ஒரு கட்டம் வரும். கனவுகள் ரொம்பத் தெளிவா வர்ற கட்டம் அது. அப்போ மூளை கை, கால் தசைகளுக்குப் போற கட்டளையை நிறுத்தி வைக்கும். இல்லேன்னா கனவுல ஓடும்போது நிஜமாவே எழுந்து ஓடி சுவத்துல மோதிக்குவோம். கண்ணும், மூச்சுக்கான உதரவிதானமும் மட்டும் வேலை செய்யும். சில நேரம் தூங்கப் போகும்போதோ முழிக்கும்போதோ இந்த வரிசை குழம்பிடும். மனசு முழிச்சிருக்கும், உடம்போட பூட்டு திறந்திருக்காது, கனவும் முடிஞ்சிருக்காது. மூச்சு தானா ஓடிட்டுதான் இருக்கும்; ஆனா நாமளா இழுத்து விட முயற்சி பண்ணினா வராது. அதுதான் நெஞ்சு மேல பாரமாத் தெரியுது. இவ்வளவு பயத்துல இருக்கிற மூளை, ரூம்ல யாரோ இருக்காங்கன்னு முடிவு பண்ணி, அந்த யாரோவுக்கு ஒரு உருவத்தையும் கொடுத்துடும்.

என்ன உருவம்? அது நாம வாழற ஊரைப் பொறுத்தது. கனடாவோட நியூஃபவுண்ட்லேண்ட்ல கிழவி வந்து உட்காருவா. நைட்மேர் என்ற ஆங்கிலச் சொல்லுல இருக்கிற மேர் கூட குதிரை இல்லை, தூங்குறவங்களை அமுக்குற ஒரு பழைய பேய்.

சேலம்ல மட்டும் அந்த உருவத்துக்கு ஒரு நிஜ மனுஷியோட முகம் இருந்தது. அங்கேதான் விபரீதம். பிரிட்ஜெட் பிஷப் மேல அதுக்குப் பல வருஷம் முன்னாடியே சூனியக்காரின்னு ஒரு புகார் வந்து, அதிலிருந்து வெளியே வந்திருந்தாங்க. ஊர் வாயில ஏற்கெனவே அடிபட்ட பேரு. ராத்திரி பயத்துல மூளை ஒரு முகத்தைத் தேடினா, அந்த முகம் ரெடியா இருந்தது.

ஆபீஸ்ல சர்வர் விழுந்தா நாங்க முதல்ல லாக் பார்ப்போம். எத்தனை மணிக்கு நின்னுச்சுன்னு அதுல இருக்கும். யாரால நின்னுச்சுன்னு பெரும்பாலும் இருக்காது. லவுடர் சொன்ன பாரம், நெரிப்பு, அசைய முடியாமை எல்லாம் லாக். அவர் பொய் சொன்னார்னு நினைக்க வேண்டிய அவசியமே இல்லை. "பிரிட்ஜெட் பிஷப்" என்ற பேரு மட்டும் யூகம். கோர்ட் ரெண்டையும் சேர்த்து ஒரே சாட்சியமா எடுத்துக்கிச்சு.

இந்த ரெண்டு பேர் சொன்னதை மட்டும் வெச்சு தீர்ப்பு வரலை; வேற குற்றச்சாட்டுகளும் நிறைய இருந்தது. ஆனா உருவம் வந்து துன்புறுத்தினதா சொல்றதையே ஆதாரமா ஏத்துக்கிட்ட கோர்ட் அது. வீட்ல தூங்கிட்டிருந்தேன்னு நிரூபிச்சாலும் பிரயோஜனம் இல்லை. வந்தது உடம்பு இல்லையே, உருவம்தானே! 1692 ஜூன் 10 அன்னிக்கு பிரிட்ஜெட் பிஷப்பைத் தூக்குல போட்டாங்க. சேலம் வழக்குகள்ல முதல் தூக்கு அது. அந்த வருஷம் மொத்தம் 19 பேர் தூக்குல தொங்கினாங்க.

இதுல மனசை உறுத்துற விஷயம் என்னன்னா, இது ஒரு உடல் கோளாறுன்னு அப்பவே டாக்டர்களுக்குத் தெரியும். 1664லயே இஸ்பிராண்ட் வான் டீமர்புரூக் என்ற டச்சு மருத்துவர் இதே மாதிரி ஒரு கேஸை எழுதி வெச்சிருக்கார். ஐம்பது வயசுப் பெண்மணி. சாத்தான் மேல படுத்து அமுக்குற மாதிரியும், சில நேரம் பெரிய நாயோ திருடனோ நெஞ்சு மேல கிடக்கிற மாதிரியும் இருக்குன்னு சொல்றாங்க. அவர் யாரையும் தேடிப் பிடிக்கச் சொல்லலை, வைத்தியம் சொன்னார். அந்தக் கால வைத்தியம் இன்னிக்குத் தப்பாத் தெரியலாம். ஆனா அதனால யாரும் தூக்குக்குப் போகலை.

1692 அக்டோபர்ல இன்கிரீஸ் மாதர் என்ற பாதிரியார், சாத்தானால நிரபராதியோட உருவத்தையும் எடுக்க முடியும், அதனால அந்த மாதிரி சாட்சியத்தை நம்பித் தண்டிக்கக் கூடாதுன்னு வாதாடினார். அதே மாசம் ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் அந்தக் கோர்ட்டைக் கலைச்சார். பேய் நம்பிக்கை போயிடலை. சாட்சிய விதி மாறிச்சு. 1693ல வந்த புது கோர்ட்ல பெரும்பாலானவங்க விடுதலை. பிரிட்ஜெட் பிஷப் பேர் மேல இருந்த பழியை மசாசூசெட்ஸ் சட்டப்படி நீக்கினது 2001ல.

இப்போ நம்ம கதை. 2011ல வெளிவந்த ஒரு ஆய்வுத் தொகுப்புப்படி, வாழ்நாள்ல ஒரு தடவையாவது இதை அனுபவிச்சவங்க பொது மக்கள்ல சுமார் 8%, மாணவர்கள்ல 28%. தூக்கம் கெட்டா, நேரம் மாறி மாறித் தூங்கினா, மல்லாந்து படுத்தா வர்ற வாய்ப்பு அதிகம். நைட் ஷிஃப்ட் நண்பர்கள் கவனிங்க. வந்தா பதறாம, மூச்சை அதன் போக்குல விட்டுட்டு, ஒரு விரலை அசைக்கப் பாருங்க. பெரும்பாலும் சில நொடிகள்லயோ நிமிஷங்கள்லயோ தானா விலகிடும். அடிக்கடி வந்தா, கூடவே பகல்ல அடக்க முடியாத தூக்கமும் வந்தா, டாக்டரைப் பாருங்க.

வீட்ல யாராவது காலையில வந்து "ராத்திரி என்னமோ அமுக்குச்சு"ன்னு சொன்னா, சிரிச்சுடாதீங்க. அவங்களுக்கு நடந்தது நிஜம். யார் அமுக்கினதுன்னு மட்டும் தேடிப் போக வேண்டாம். முதல்ல எத்தனை மணி நேரம் தூங்கினாங்கன்னு கேளுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். நல்லாத் தூங்குங்க.