இந்த வயசுல பொம்மை ரயிலா? ஒரு பழைய கேள்வியின் வரலாறு

நாற்பது வயசு ஆள் ஒருத்தர் கடையில் லெகோ பெட்டியை எடுத்தால், கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி "பையனுக்கா, பொண்ணுக்கா?" என்பதுதான். "எனக்குத்தான்" என்று சொல்ல நிறைய பேருக்கு வாய் வராது. வீட்டுக்கு வந்தால் அதே கேள்வி வேற மாதிரி வரும்: "இந்த வயசுல பொம்மையா?"

கட்டைகளை வைத்து மாயாஜாலக் கதை போர்டு கேம் ஆடுகிற பெரியவர்களும், மாடல் ரயில் ஓட்டுகிற பெரியவர்களும் உலகம் முழுக்க இருக்காங்க. நம்ம ஊரில் இதை வெளிநாட்டு மோகம், ஐ.டி. சம்பளத்தின் கொழுப்பு என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனா வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் கதை தலைகீழாக இருக்கு. பெரியவர்கள் விளையாடுவதுதான் பழசு. "விளையாட்டுப் பொருள் என்றால் குழந்தைக்கு" என்கிற எண்ணம்தான் புதுசு.

பரமபதம் யாருக்கான ஆட்டம்?

வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்கணும். தூக்கம் வராமல் இருக்க நம்ம வீடுகளில் பரமபதப் படத்தை விரித்து வைத்து தாயம் உருட்டுவாங்க. ஆடினது பாட்டி, அத்தை, சித்தப்பா எல்லாரும்தான். குழந்தைகள் பாதியிலேயே தூங்கிடும். ஏணி என்றால் புண்ணியம், பாம்பு என்றால் பாவம், உச்சியில் பரமபதம். யோசித்துப் பார்த்தால் இது ஒரு முழுமையான கற்பனை உலகப் பலகை ஆட்டம். ஒரு கதை இருக்கு, ஒரு பயணம் இருக்கு, வழியில் ஆபத்து இருக்கு, முடிவில் ஒரு சொர்க்கம் இருக்கு.

இந்தியாவின் இந்த வகை ஆட்டங்கள் 1890-களில் இங்கிலாந்துக்குப் போய் 'பாம்பும் ஏணியும்' என்று அச்சாகின. அங்கே தத்துவம் கழன்று, ஒழுக்கம் சொல்லித்தரும் குழந்தைகள் ஆட்டமாகச் சுருங்கியது. பிறகு ஒழுக்கமும் கழன்று வெறும் எண் கட்டம் ஆயிற்று. அந்த அட்டைதான் திரும்ப நம்ம ஊர் பேன்சி ஸ்டோருக்கு வந்தது. பெரியவங்க ஆட்டமாகப் போனது, சின்னப் பசங்க ஆட்டமாகத் திரும்பி வந்திருக்கு.

இப்போ லெகோ பக்கம் வாங்க. 2011-இல் அந்தக் கம்பெனி 'ஹீரோயிகா' என்று ஒரு பலகை ஆட்ட வரிசை கொண்டு வந்தது. பலகையையே கட்டையால் கட்டிக்கணும். டிரைடா பே, வால்டர்க் காடு, நாதூஸ் குகைகள், ஃபோர்டான் கோட்டை என்று ஒவ்வொரு பெட்டியும் ஒரு இடம். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பெரிய நிலப்பரப்பாக ஆக்கலாம். மந்திரவாதி, வீரன், திருடன் என்று குட்டிப் பாத்திரங்கள். பூதத்திடம் அடி வாங்கி உயிர்ப்புள்ளி எல்லாம் தீர்ந்தாலும் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டியதில்லை. உட்கார்ந்து தாயம் உருட்டி உயிரை மீட்டுக்கலாம். பரமபதத்திலும் அதே தர்மம்தான், இல்லையா? பாம்பு கீழே தள்ளும், ஆனா ஆட்டத்தை விட்டுத் துரத்தாது. ஹீரோயிகா குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டது. சில வருஷத்தில் நின்றும் போனது. அதற்குப் பிறகும் பெட்டிகளைத் தேடி வாங்கி, விதிகளைத் தாங்களே விரிவாக்கி ஆடினவர்களில் நிறைய பேர் பெரியவர்கள்.

தரையில் உட்கார்ந்த நாவலாசிரியர்

கட்டை, போர் விளையாட்டு, பொம்மை ரயில் மூன்றையும் ஒரே தரையில் சேர்த்து எழுதின பெரிய மனிதர் எச்.ஜி. வெல்ஸ். கால யந்திரம் பற்றி நாவல் எழுதினவரேதான். 1911-இல் 'ஃப்ளோர் கேம்ஸ்', 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்று இரண்டு சின்னப் புத்தகங்கள் போட்டார். முதலாவது மகன்களோடு தரையில் கட்டைகளால் தீவும் நகரமும் கட்டி, பொம்மை ரயில் விடுவது பற்றியது. இரண்டாவது பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் பெரியவர்கள் ஆடுகிற போர் ஆட்டத்தின் விதிகள். அப்போ அவருக்கு வயசு நாற்பத்தைந்துக்கு மேல்.

ரயில் பொம்மைக்கு அதற்கு முன்பே ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. 1891-இல் ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி லைப்சிக் சந்தையில் தண்டவாள அகலங்களை வரையறுத்துக் காட்டியது. அதுவரை வாங்கினால் ஒரு பொம்மை, அவ்வளவுதான். அளவு நிலையானதும், இந்த வருஷம் ஒரு பெட்டி, அடுத்த வருஷம் ஒரு ஸ்டேஷன் என்று சேர்த்துக்கொண்டே போக முடிந்தது. ஒரு பொருள் பொழுதுபோக்காக மாறுவது இந்த இடத்தில்தான். சேர்க்கிறவனுக்கு வயசு ஏறும், தண்டவாளம் அப்படியே இருக்கும்.

நம்ம வீட்டில் இதற்கு ஈடாக ஒன்று உண்டு, கொலு. படிகளுக்குக் கீழே மண் பரப்பி, கடுகும் கேழ்வரகும் முளைக்க வைத்து, கண்ணாடியைக் குளமாக்கி, பார்க் கட்டுவோமே, அதில் சாவி கொடுக்கிற ரயில் சுற்றின வீடுகள் எத்தனை! வருஷா வருஷம் ஒரு பொம்மை புதுசாகச் சேரணும் என்பது வழக்கம். குழந்தைகளுக்காக என்று பேர். மண் சுமந்ததும், கண்ணாடி தேடினதும், ரயில் தடம் புரண்டால் ராத்திரி உட்கார்ந்து சரி பண்ணினதும் பெரியவங்கதான். பண்டிகை என்ற பெயர் இருந்ததால் யாரும் "இந்த வயசுலயா?" என்று கேட்கவில்லை.

தண்டலத்தில் நின்று பார்த்தால்

ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில், பெங்களூர் நெடுஞ்சாலை மேல் இருக்கிற தண்டலத்தைச் சொல்றேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் முழுக்க கார், டயர், போன் செய்கிற தொழிற்சாலைகள். ஊருக்கு ரயில் கிடையாது. கம்பெனி பஸ்தான் எல்லாம். ரயில் இல்லாத இந்த ஊரில் கட்டையும் மாடல் ரயிலும் புரியாத விஷயமா என்றால், நேர் எதிர்.

லெகோ கட்டையின் கதையே அச்சு வார்ப்பின் கதை. 1947-இல் இங்கிலாந்தில் ஹிலரி பேஜ் என்பவர் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகிற பிளாஸ்டிக் கட்டையைச் செய்தார். டென்மார்க்கின் லெகோ அதைப் பார்த்துத் தன் கட்டையை உருவாக்கியது. மேலே குமிழ், உள்ளே குழாய் என்று இறுகப் பிடிக்கிற இன்றைய வடிவத்துக்கு 1958 ஜனவரி 28-இல் காப்புரிமை கேட்டது. 1963 வாக்கில் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்குக்கு மாறியது. காரின் உள்பக்கப் பாகங்கள் பலவும் அதே ஏ.பி.எஸ்.தான். அதே மாதிரி இன்ஜெக்ஷன் மோல்டிங் மெஷினில்தான் வார்க்கிறாங்க. லெகோ அச்சில் மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்குகூடப் பிசகக் கூடாது. பிசகினால் 1958 கட்டையும் இன்றைய கட்டையும் ஒன்றோடொன்று பொருந்தாது. டூல் ரூமில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் மதிப்பை விளக்கத் தேவையில்லை. 2020-இல் லெகோ தன் பெட்டிகள் சிலவற்றில் '18+' என்று அச்சடிக்க ஆரம்பித்தது. பெரியவர்கள் வாங்குறாங்க என்பதைக் கம்பெனியே ஒத்துக்கொண்டது அப்போதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதே சாலையில் மேற்கே போனால் ராணிப்பேட்டை. அங்கே ஃபன்ஸ்கூல் பொம்மைத் தொழிற்சாலை இருக்கு. ஃபன்ஸ்கூல் 1987-இல் எம்.ஆர்.எஃப்., அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து தொடங்கியது. எம்.ஆர்.எஃப். எப்படி ஆரம்பித்தது தெரியுமா? 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை விளையாட்டு பலூன் செய்தார். பலூனிலிருந்து டயருக்குப் போய், டயரிலிருந்து பொம்மைக்குத் திரும்பி வந்திருக்கு. ராணிப்பேட்டையை ஒட்டியிருக்கிற வாலாஜா ரோடுக்குத்தான் 1856 ஜூலை 1-இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறந்தது.

ரெண்டே முக்கால் மில்லிமீட்டர்

அந்தப் பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மி.மீ. டல்ஹௌசி 6 அடி இருக்கணும் என்று நினைத்தார், கடைசியில் ஐந்தரை அடியில் நின்றது. ஐரோப்பாவின் வழக்கமான அகலம் 1435 மி.மீ. நம்ம மாடல் ரயில்காரர்களின் தலைவலி இங்கேதான் தொடங்குது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

உலகத்தில் அதிகம் விற்கிற மாடல் அளவு ஹெச்.ஓ., நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. 1435-ஐ 87-ஆல் வகுத்தால் 16.5 மி.மீ. கடையில் கிடைக்கிற தண்டவாளம் அதுதான். நம்ம 1676-ஐ வகுத்தால் 19.26. வித்தியாசம் ரெண்டே முக்கால் மில்லிமீட்டர். ஐ.சி.எஃப். பெட்டியை 87-இல் ஒன்றாகச் சரியாகச் செய்து இந்தத் தண்டவாளத்தில் வைத்தால், குண்டு மனிதர் குறுகலான பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். வேடிக்கை என்னவென்றால், நம்ம பழைய மீட்டர் கேஜுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. 1000-ஐ 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை. சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் ரயில்களுக்காக விற்கிற 12 மி.மீ. தண்டவாளம் அதற்குக் கிட்டத்தட்ட பொருந்திடும்.

லெகோவில் எப்படி? தண்டவாள அகலம் சுமார் 37.5 மி.மீ. அதை நம்ம பிராட் கேஜாக எடுத்துக்கொண்டால் அளவு ஏறக்குறைய 45-இல் ஒன்று. ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் 21.3 மீட்டர், அகலம் 3.245 மீட்டர். ஒரு குமிழுக்கு 8 மி.மீ. என்று கணக்கு வைத்தால் பெட்டி 60 குமிழ் நீளம், 9 குமிழ் அகலம். கம்பெனி ரயில்கள் பெரும்பாலும் 6 குமிழ் அகலம்தான். கம்பெனி தருகிற வளைவின் ஆரம் 40 குமிழ். 60 குமிழ் பெட்டி அதில் திரும்பினால் நடுவயிறு உள்ளே இடிக்கும், முனைகள் வெளியே நீட்டும். ஆக, பெட்டியைக் குறுக்கணும், இல்லாவிட்டால் அகலமான வளைவை நாமே செய்யணும். நம்ம ரயிலைச் செய்ய நினைக்கிறவன் பெட்டியைப் பிரித்து அடுக்குகிறவனாக மட்டும் இருக்க முடியாது. அளக்கணும், வரையணும், 3டி பிரிண்டரில் போகிகளை அச்சடிக்கணும்.

செலவு வேற. 2020-இல் பொம்மைகள் மீதான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-இல் 70 ஆனது. சுங்க அட்டவணையில் பொம்மை, நடைவண்டி, அளவு மாடல் எல்லாம் 9503 என்கிற ஒரே தலைப்பு. 2021-இல் அமலுக்கு வந்த பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணைக்கு '14 வயசுக்கு உட்பட்டவர்கள் விளையாடுவது' என்று ஒரு எல்லை உண்டு. சுங்க வரிக்கு அந்த எல்லை இல்லை. ஐம்பது வயசுக்காரர் வரவழைக்கிற என்ஜின் மாடலும் சட்டத்தின் கண்ணில் பொம்மைதான். உள்நாட்டுப் பொம்மைத் தொழிலுக்கு இந்த வரி உதவலாம். ஆனா ராணிப்பேட்டையிலோ வேறு எங்கேயோ வார்க்கிற பெரிய அச்சு எதுவும் 45-இல் ஒன்று ஐ.சி.எஃப். பெட்டிக்காக வெட்டப்படப் போவதில்லை. அந்த வேலை தனி ஆட்களின் மேஜையில்தான் நடக்கணும்.

ஏன் நடக்கணும்?

1955-இல் பெரம்பூரில் சுவிஸ் தொழில்நுட்பத்தோடு தொடங்கின ஐ.சி.எஃப்., அந்தப் பழைய வடிவத்தில் 50,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் செய்துவிட்டு 2018 ஜனவரியில் அதை நிறுத்தியது. இப்போ எல்.எச்.பி. வகைதான். வயசான ஐ.சி.எஃப். பெட்டிகளில் பலவற்றுக்கு ஜன்னலை அடைத்து, முனைகளைத் திறந்து, கார் ஏற்றுகிற என்.எம்.ஜி. வேகன்களாக மாற்றிட்டாங்க. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கார்கள் ரயிலேறுவது வாலாஜாபாத்தில். மேலே சொன்ன வாலாஜா ரோடு வேற, காஞ்சிபுரம் பக்கத்து வாலாஜாபாத் வேற. நம்ம தாத்தா பாட்டி ராமேஸ்வரம் போன பெட்டிதான் இன்று கண்ணை மூடிக்கொண்டு கார் சுமக்குது. அதுவும் ஒரு நாள் பழைய இரும்பாகும்.

1931-இல் கடற்கரை முதல் தாம்பரம் வரை ஓட ஆரம்பித்த மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004 ஜூலையில் நின்றது. எழுபது வருஷத்துக்கு மேல் ஒரு நகரமே தொங்கிக்கொண்டு போன வண்டி. மியூசியம் ஒரு வண்டியை நிறுத்தி வைக்க முடியும், அது ஓடின விதத்தை வைக்க முடியாது. எந்தப் பக்கம் கதவு, முதல் வகுப்பு எங்கே, கூரையின் வளைவு எவ்வளவு என்று ஒருத்தர் 87-இல் ஒன்றாகக் கட்டும்போது, அத்தனை விவரத்தையும் தேடித்தான் ஆகணும். தெரியாத ஒரு பக்கத்தை எழுத்தில் மழுப்பிவிடலாம். மாடலில் அந்தப் பக்கம் காலியாகவே நிற்கும். அந்த வகையில் ஒரு நல்ல மாடல் என்பது ஆராய்ச்சிக் கட்டுரையைவிடக் கறாரான ஆவணம்.

அதனால், வீட்டில் யாராவது டேப்பை எடுத்துக்கொண்டு பெரம்பூர் ரயில் மியூசியத்துக்குப் போனால் சிரிக்காதீங்க. பரணில் பழைய ஆல்பம் இருந்தால் பின்னணியில் ரயில் தெரியுதா என்று ஒரு தடவை பாருங்க. கல்யாணத்துக்குப் போன வழியில் எழும்பூரில் எடுத்த போட்டோவில், உங்க மாமாவின் தோளுக்குப் பின்னால் தெரிகிற அந்த ஜன்னல் கம்பிகளைத்தான் யாரோ ஒருத்தர் எண்ணணும் என்று தேடிக்கிட்டு இருப்பார்.