உடைக்காமல் உடைத்துப் பார்த்த கதை

காரைச் சுவரில் மோதவிட்டுப் பார்ப்பது கார் கம்பெனிகளுக்குப் பழைய பழக்கம். இப்போதெல்லாம் அந்தச் சுவரும் காரும் பெரும்பாலும் கணினிக்குள்தான் இருக்கின்றன. புதிய மாடலுக்கான முதல் தகட்டைத் தொழிற்சாலையில் வெட்டுவதற்கு முன்பே அந்தக் கார் சத்தமில்லாமல் பலமுறை நசுங்கி எழுந்திருக்கும். சென்னையின் ஓ.எம்.ஆர். பக்கத்திலும் மகிந்திரா சிட்டியிலும் ‘மெஷ்ஷிங்’ செய்கிறேன் என்று சொல்லும் பொறியாளர்களுக்கு இதுதான் பிழைப்பு. காரின் உடம்பைச் சிறு சிறு சதுரங்களாகவும் முக்கோணங்களாகவும் அறுத்து, ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை எப்படி இழுக்கிறது, தள்ளுகிறது என்று கணினியைக் கணக்குப் போடச் சொல்வார்கள். முழு வடிவத்துக்கு எழுத முடியாத சமன்பாட்டைத் துண்டுக்கு எழுதிவிடலாம். துண்டுகளைச் சேர்த்தால் முழு வடிவமும் கைக்கு வரும். ஃபைனைட் எலிமென்ட் முறை என்பது இவ்வளவுதான்.

பொறியியல் மாணவர்கள் பலர், பாஸானால் போதும் என்று கும்பிட்டுவிட்டு வந்த பாடம் இது. அதன் ஜாதகத்தை எடுத்துப் பார்த்தால் நாடு விட்டு வந்த ஒரு கணித மேதையும், ஒரு கோடைக்கால வேலையும், விரிசல் விட்ட அணையும், கைவிடப்பட்ட அணுகுண்டும் அடுத்தடுத்து வருகின்றன.

ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கணிதத் துறையைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் கூரன்ட். யூதர். 1933இல் நாஜிகள் வேலையிலிருந்து விரட்ட, கடைசியில் நியூயார்க் வந்து சேர்ந்தார். 1943இல் வெளியான அவருடைய கட்டுரையில், உள்ளே கூடான ஒரு சதுரத் தண்டை முறுக்கினால் என்னவாகும் என்ற கேள்வி வருகிறது. அதை முக்கோணங்களாகப் பிரித்து விடை கண்டிருந்தார். அதுவும் பின்னிணைப்பில்! கணிதச் சங்கத்தின் இதழில் வந்த பின்னிணைப்பை எந்தப் பொறியாளர் புரட்டப் போகிறார்? இரண்டு வருடம் முன்பே கனடாவில் ஹ்ரெனிகாஃப் என்ற பொறியாளர் தகடு ஒன்றைச் சட்டங்களின் கோர்வையாக வைத்துக் கணக்கிட்டிருந்தார். அதையும் சீந்துவாரில்லை. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. துண்டு கூடினால் சமன்பாடு கூடும். நூறு சமன்பாட்டைப் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்து தீர்ப்பவன் அதற்குள் விமானத்தையே கட்டிப் பறக்கவிட்டுவிடுவான். யோசனை வந்துவிட்டது, இயந்திரம் வரவில்லை.

இயந்திரம் வந்தபோது அவசரம் விமானக்காரர்களுக்குத்தான் இருந்தது. ஜெட் விமானங்களின் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்தன, சில முக்கோணமாகவே ஆயின. நேரான இறக்கையை ஒரு நீளக் கட்டையாக நினைத்துப் போட்ட பழைய கணக்கு இவற்றிடம் பலிக்கவில்லை. 1952 கோடையில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இளம் பேராசிரியர் ரே க்ளஃப், சியாட்டிலில் போயிங் கம்பெனிக்கு விடுமுறைக்கால வேலைக்குப் போனார். அங்கே ஜோனதன் டர்னர் என்பவர் முக்கோண இறக்கையின் அதிர்வைக் கண்டுபிடிக்கச் சொன்னார். க்ளஃப் அதைக் கட்டைகளின் கூட்டமாக வைத்துப் பார்த்தார். விடை சோதனையோடு ஒட்டவே இல்லை. அடுத்த கோடையில் டர்னர் வேறு வழி சொன்னார்: இறக்கையின் தோலை முக்கோணத் தகடுகளாக வெட்டிப் பார். ஒட்டியது. டர்னர், க்ளஃப், மார்ட்டின், டாப் நால்வரும் எழுதிய கட்டுரை 1956இல் அச்சாயிற்று. கூரன்டின் பின்னிணைப்பைப் பற்றி எதுவும் தெரியாமலேயே அதே முக்கோணத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

அப்போது இந்த யோசனை காற்றிலேயே இருந்தது போலும். லண்டனில் கிரேக்கரான ஜான் ஆர்கிரிஸ், 1954-55இல் ஒரு விமான இதழில் தொடராக இதற்கு அடித்தளம் போட்டுக்கொண்டிருந்தார். மேற்குலகோடு தொடர்பு அறுந்துகிடந்த சீனாவில், மஞ்சள் ஆற்றின் லியூஜியாஷியா அணைக்குக் கணக்குப் போடப் போன ஃபெங் காங் குழுவும் இதே முறைக்குத் தானாக வந்தது. அவர் 1965இல் சீன மொழியில் எழுதியது வெளியுலகுக்குத் தெரியவே பல வருடம் ஆயிற்று. ‘முதலில் கண்டுபிடித்தது யார்’ என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு அதில் பெரிய அக்கறையில்லை. கண்டுபிடித்தவர்களைவிட, இதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்களின் கதைதான் ருசியானது.

முதலில் தூக்கிக்கொண்டு போனவரும் க்ளஃப்தான். நார்வேயின் ட்ரோன்ட்ஹைம் நகரில் ஒரு வருடம் தங்கிவிட்டு பெர்க்லி திரும்பினார். 1960இல் பிட்ஸ்பர்க் மாநாட்டில் ‘ஃபைனைட் எலிமென்ட்’ என்று பெயர் சூட்டினார். விமானத்தோடு நின்றிருந்தால் இது விமானக்காரர்களின் ரகசியமாகவே போயிருக்கலாம். நல்ல வேளையாக ஆர்கன்சாஸ் மாநிலத்தில் நார்ஃபோர்க் என்ற கான்கிரீட் அணையில் விரிசல் விழுந்திருந்தது. வெப்பத்தால் வந்த விரிசல். அணை தாங்குமா என்று ராணுவப் பொறியாளர் பிரிவுக்குத் தெரிந்தாக வேண்டும். க்ளஃபும் அவருடைய மாணவர் எட் வில்சனும் அணையின் குறுக்குவெட்டை முக்கோணங்களாகப் பிரித்து விடை சொன்னார்கள். 1962இல் லிஸ்பனில் அதைப் படித்துக்காட்டினார்கள். அன்றைக்கே முறை வானத்திலிருந்து மண்ணுக்கு இறங்கிவிட்டது. வேல்ஸில் ஜியென்கீவிச் 1967இல் இதற்கென முதல் பாடநூலை எழுதினார். ரோல்ஸ் ராய்ஸிலிருந்த புரூஸ் அயர்ன்ஸ், வளைந்த வடிவத்துக்கு வளைந்த துண்டுகளையே தந்தார்.

இனி வியாபாரிகளின் முறை. 1960களின் நடுவில் நாசா திரும்பிப் பார்த்தபோது, அதன் ஒவ்வொரு மையமும் தனித்தனியாக ஒரே மாதிரி நிரல் எழுதிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் ஒன்று போதும் என்று ஒப்பந்தம் போட, பிறந்தது நாஸ்ட்ரான். அரசாங்கப் பணத்தில் எழுதியது என்பதால் வெளியார் கைக்கும் கிடைத்தது. அதை எழுதிய கம்பெனிகளில் ஒன்று, ரிச்சர்ட் மெக்நீலுடையது, மெருகேற்றித் தன் பெயரில் விற்கத் தொடங்கியது. சும்மா இருப்பார்களா மற்றவர்கள்? அதே மூலத்தை எடுத்து வேறு இருவரும் கடை போட்டார்கள். பிட்ஸ்பர்க்கில் அணுசக்தி ராக்கெட் வேலையிலிருந்த ஜான் ஸ்வான்சன், எல்லாக் கணக்குக்கும் பொதுவான ஒரு நிரல் எழுதலாம் என்று வெஸ்டிங்ஹவுஸிடம் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. வேலையை விட்டு, 1970இல் தன் பண்ணை வீட்டிலிருந்தே கம்பெனி தொடங்கினார். அதுதான் ஆன்சிஸ். அவருடைய முதல் வாடிக்கையாளர் யார் தெரியுமா? அதே வெஸ்டிங்ஹவுஸ்தான்!

எட் வில்சனின் வழி வேறு. பெர்க்லியில் அவரும் மாணவர்களும் எழுதிய ‘சாப்’ நிரலை, செலவுக்கான சிறு தொகைக்கு உலகமெங்கும் அனுப்பிவைத்தார்கள். அந்தக் குடும்பத்தில் பின்னால் பிறந்த ஈடேப்ஸ் இல்லாமல் இன்று நம்மூரில் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு டிசைன் போடுபவர் அபூர்வம். கணக்குப் போடும் இயந்திரம் நம்மூருக்கும் வந்தது: 1973இல் ஜெர்மன் உதவியோடு ஐஐடி மெட்ராஸுக்கு ஐபிஎம் 370 கணினி. அங்கே படித்து பெங்களூரில் விமான ஆய்வகத்துக்குப் போனவர் கங்கன் பிரதாப். மெல்லிய தகட்டைத் துண்டுகளாக்கினால் விடை இறுகிப்போய், நிஜத்தில் நன்றாக வளையும் தகடு கணக்கில் வளையவே மறுக்கும் வியாதி ஒன்று அப்போது உலகத்தையே படுத்திக்கொண்டிருந்தது. அந்த இறுக்கம் எங்கிருந்து வருகிறது என்று விளக்கியவர்களில் அவர் முக்கியமானவர்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இனிமேல்தான்.

1970களின் நடுவில் கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்துக்கு ஒரு விபரீதமான தேவை. தாழப் பறக்கும் விமானத்திலிருந்து ஓர் அணுகுண்டைப் போட வேண்டும். தரையில் மோதிய அடியில் குண்டு உடைந்துவிடக் கூடாது. விமானம் தப்பித்த பிறகுதான் வெடிக்க வேண்டும். குண்டின் மூக்கு எப்படி நசுங்கும் என்று முப்பரிமாணத்தில் சொல்ல அன்று நிரலே கிடையாது. ஜான் ஹால்க்விஸ்ட் என்ற பொறியாளர் 1976இல் ஒன்றை எழுதினார்: டைனா-3டி. குண்டுத் திட்டம் கைவிடப்பட்டது. நிரல் நின்றுவிடவில்லை. பிரான்சிலிருந்து யாரோ கேட்க, 1978இல் மூலநிரலையே எந்த நிபந்தனையும் இல்லாமல் பொதுச்சொத்தாக வெளியிட்டுவிட்டார்கள். அணுகுண்டு ஆய்வகத்திலிருந்து வெளியான நிரல்! இன்று நினைத்தாலும் நம்ப முடியவில்லை.

எடுத்தவர்கள் பலர். விமானக்காரர்கள் எஞ்சினில் பறவை அடிப்பதைப் பார்த்தார்கள். டின்காரர்கள் பீர் கேனை நசுக்கிப் பார்த்தார்கள். பிரெஞ்சுக் கம்பெனியான ஈஎஸ்ஐ இதைத் தழுவி ‘பாம்-கிராஷ்’ செய்தது. ராணுவ விமானம் அணுமின் நிலையத்தில் விழுந்தால் என்னவாகும் என்ற கேள்வியில் கை பழகியிருந்த கம்பெனி அது. ஜெர்மன் கார் கம்பெனிகள் கூட்டாக அவர்களிடம் போயின. 1986இல் ஒரு ஃபோக்ஸ்வாகன் போலோ, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கான்கிரீட் சுவரில் மோதியது, கணினிக்குள். சில ஆயிரம் துண்டுகள் மட்டுமே கொண்ட கார். மாலையில் ஓடவிட்டுப் போனால் காலையில் விடை. இன்றைய மாடல்களில் துண்டுகள் பல லட்சத்தைத் தாண்டிக் கோடியை எட்டுகின்றன, ஆனாலும் பழக்கம் மாறவில்லை. இரவு ஓடவிட்டுக் காலையில் பார்ப்பதுதான்.

ஏன் இவ்வளவு நேரம்? எஃகுக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர் ஓடும். 5 மில்லிமீட்டர் துண்டைக் கடக்க அதற்கு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு போதும். ஒலி ஒரு துண்டைத் தாண்டுவதற்குள் அடுத்த கணக்கைப் போட்டாக வேண்டும், தவறினால் விடை தாறுமாறாக வெடித்துவிடும். மோதல் முடிய நொடியில் பத்தில் ஒரு பங்கு. ஆக, ஒரு லட்சம் முறை மொத்தக் காரையும் கணக்கிட வேண்டும். எங்கோ ஒரு கதவு மூலையில் ஒரே ஒரு துண்டு அரை மில்லிமீட்டராகச் சிறுத்துவிட்டாலும் போச்சு, முழுக் காருக்கும் பத்து மடங்கு நேரம். மெஷ் போடுபவர்கள் ராத்திரி எட்டு மணிக்கும் அந்த ஒரு துண்டைத் தேடிக்கொண்டிருப்பது இதனால்தான். இந்தக் கட்டுப்பாட்டைச் சொன்னவர் யாரென்று பார்த்தால், அதே கூரன்ட்! 1928இல், கணினியே இல்லாத காலத்தில், கோட்டிங்கனில் ஃப்ரீட்ரிக்ஸ், லெவி இருவரோடும் சேர்ந்து எழுதிவைத்தது. முக்கோணமும் அவருடையது, கடிகாரமும் அவருடையது.

கண்மூடி நம்பியவர்கள் அடியும் வாங்கினார்கள். நார்வேயில் ஸ்லைப்னர்-ஏ என்ற எண்ணெய்க் கிணற்று மேடைக்குப் பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளம் கட்டினார்கள். 1991 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டவாங்கர் அருகே கடல் கழியில் அதை மெல்ல அமிழ்த்திச் சோதித்தபோது ஒரு சுவர் பிளந்தது. மொத்த அமைப்பும் மூழ்கி அடியில் மோதியதை நிலநடுக்கமானிகள் 3 ரிக்டராகப் பதிந்தன. உயிர்ச்சேதம் இல்லை. இழப்பு சுமார் 70 கோடி டாலர். கணக்கைப் போட்டது நாஸ்ட்ரான்தான், ஆனால் பழுது நிரலில் இல்லை. அறைகள் சந்திக்கும் மூலையில் துண்டுகளைப் பெரிதாகவும் கோணலாகவும் விட்டிருந்தார்கள். அங்கே வெட்டு விசை 47 சதவீதம் குறைவாகக் காட்டியது. கம்பியும் அதற்கேற்பப் போதாமல் போயிற்று. பிறகு நுணுக்கமாகத் துண்டு போட்டுப் பார்த்தபோது, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. உடைந்தது 65 மீட்டரில். சரியாகக் கேட்டிருந்தால் இயந்திரம் சரியாகவே சொல்லியிருக்கும். விசாரணையை நடத்தியது சிண்டெஃப் ஆய்வு நிறுவனம். அதன் தலைமையகம் ட்ரோன்ட்ஹைம், ஒரு காலத்தில் க்ளஃப் ஒரு வருடம் தங்கிப்போன ஊர்.

நகல்களின் கதைக்கு ஒரு கோர்ட் அத்தியாயமும் உண்டு. மெக்நீலின் கம்பெனி 1999இல் தன்னோடு போட்டியிட்ட இரண்டு நாஸ்ட்ரான் கடைகளையும் வாங்கிவிட்டது. ஏகபோகம் என்று அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. 2002இல் வந்த சமரசம் விசித்திரமானது: உன் நிரலை அப்படியே நகலெடுத்துப் போட்டியாளனுக்குக் கொடு. அப்படி வெளியான நகல் கைமாறி, கடைசியில் சீமென்ஸிடம் சேர்ந்தது. நகலெடுக்காதே என்று வழக்குப் போட்டுத்தான் பார்த்திருக்கிறோம்!

நிஜ மோதல் ஒழிந்துவிடவில்லை. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மதிப்பீட்டில் நட்சத்திரம் வாங்க, மணிக்கு 64 கிலோமீட்டரில் உண்மைக் காரை மோதவிட்டுத்தான் ஆக வேண்டும். ஒரகடத்திலுள்ள வாகன ஆராய்ச்சி மையத்திலும் மோதல் கூடம் இருக்கிறது. ஆனால் அங்கே போகும் பொறியாளர்கள் எந்தத் தகடு எங்கே மடியும் என்று முன்பே பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

ஹால்க்விஸ்ட் 1987இல் ஆய்வகத்தை விட்டு வந்து, தன் நிரலை எல்எஸ்-டைனா என்ற பெயரில் விற்றார். 2019இல் அந்தக் கம்பெனியை ஆன்சிஸ் வாங்கியது. ராக்கெட்டில் தொடங்கிய கிளையும் குண்டில் தொடங்கிய கிளையும் ஒரே கூரைக்குள் வந்தன. 2025 ஜூலையில் அந்த ஆன்சிஸையே சினாப்சிஸ் வாங்கிக்கொண்டது, சுமார் 3,500 கோடி டாலர் பேரத்தில். சினாப்சிஸ் தயாரிப்பது கணினிச் சிப்புகளை வடிவமைக்கும் மென்பொருள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சிப்புகள் சூடேறி வளைகின்றன, சாலிடர் விட்டுப்போகிறது. அதை முன்கூட்டியே பார்க்க அவர்களுக்கும் துண்டு துண்டாக அறுக்கும் ஆள் வேண்டியிருந்தது.