மிதிவண்டி இருக்கையும் இரப்பர்ப் பாலும்

அரியணைக்காக மனிதன் நிகழ்த்திய போர்களை வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. ஒரு சாண் அகலமுள்ள மிதிவண்டி இருக்கையில் நோவின்றி அமர்வதற்கு அவன் பட்ட பாட்டை எழுதினோர் சிலரே. செனாவாங் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு அது அயலார் கதையன்று. அதில் அவர்க்கும் பங்குண்டு. அப்பங்கு எத்தகையது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

செர்மனி நாட்டு மன்கைம் நகரில் 1817ஆம் ஆண்டு கார்ல் டிரைசு என்பார் ஓட்டிக் காட்டிய வண்டிக்கு மிதிகட்டை கிடையாது. மரச்சட்டத்தின்மேல் அமர்ந்து, காலால் நிலத்தை உந்திச் செல்ல வேண்டும். அதற்கே அவர் மெத்தை இருக்கை அமைத்திருந்தார். 1860களில் பாரிசு நகரத்து மிசோ குடும்பத்தார் மிதிகட்டை பொருத்திய வண்டிகளைச் செய்தனர். இரும்புப்பட்டை அடித்த மரச்சக்கரம் கல் பாவிய தெருவில் உருண்டது. நீண்ட எஃகுவில்லின்மேல் இருக்கையை ஏற்றியும் குலுக்கல் தீரவில்லை. ஆங்கிலேயர் அவ்வண்டியை 'எலும்பு குலுக்கி' என்றே அழைத்தனர்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1866ஆம் ஆண்டு தோற்பொருள் தொழில் தொடங்கியவர் சான் போல்ட்பீ புரூக்சு. 1878இல் தம் குதிரை இறந்துபோகவே அவர் மிதிவண்டி ஏறினார் என்றும், அதன் இருக்கை தந்த வேதனையே அவரைப் புதிய இருக்கை செய்யத் தூண்டியது என்றும் கூறுவர். 1882இல் அவர் காப்புரிமை நாடினார். இருக்கையின் முன்முனைக்கும் பின்சட்டத்துக்கும் இடையே தடித்த தோலைத் தொட்டில்போல் இழுத்துக் கட்டுவது புகழ்பெற்ற முறையாயிற்று. நாளடைவில் அமர்வோரின் இடுப்பெலும்பு முனைகள் இரண்டும் பதிந்து, தோல் அவர்க்கே உரிய வடிவம் பெறும். தொய்ந்தால் முன்னுள்ள நட்டை முடுக்கலாம்.

ஈண்டு ஓர் உண்மையை மாணவர் உணர வேண்டும். பந்தயக்காரர் முன்குனிந்து செல்வதால் உடற்பாரத்தில் ஒரு பகுதியைக் கைகள் தாங்குகின்றன. அவர்க்குக் குறுகிய இருக்கை போதும். நிமிர்ந்து அமர்பவரின் பாரத்தில் பெரும்பகுதி இருக்கையின்மேலேயே இறங்குகிறது. அவர்க்கு அகன்ற, சுருள்வில் வைத்த இருக்கை தேவை. எல்லார்க்கும் ஏற்ற இருக்கை என ஒன்று இல்லை.

எனினும், தோலும் வில்லும் தராத சுகம் இருக்கையின் கீழிருந்து வந்தது. காற்றடைத்த சக்கரத்துக்கு இராபர்ட் தாம்சன் 1845இலேயே காப்புரிமை பெற்றிருந்தும் அது வழக்கில் நிலைக்கவில்லை. 1888இல் பெல்பாசுட்டு நகரத்துக் கால்நடை மருத்துவர் சான் டன்லப், தம் மகனின் மூன்றுசக்கர வண்டிக்காக அதனை மீண்டும் படைத்தார். சில ஆண்டுகளில் மிதிவண்டியுலகமே மாறிற்று. காற்றற்ற சக்கரத்தின் ஓசையை மலாயாவும் கேட்டதுண்டு. 1941, 1942ஆம் ஆண்டுகளில் மிதிவண்டியில் வந்த சப்பானியப் படையினர், டயர் பழுதான பின் வெறும் இரும்பு வளையத்திலேயே உருட்டிச் சென்றனர். அம்மிதிவண்டிப் படையைத்தான் 1942 சனவரி 14ஆம் நாள் நம் மாநிலத்துக் கெமாசு அருகே, கெமெஞ்சே பாலத்தில் ஆத்திரேலியர் மறைந்திருந்து தாக்கினர்.

டன்லப்பின் சக்கரத்துக்கு இரப்பர் வேண்டும். 1876இல் பிரேசிலிலிருந்து கென்றி விக்காம் கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1896இல் மலாக்காவில் டான் சே யான் வாணிக நோக்குடன் இரப்பர் பயிரிட்டார். 1910 முதல் டன்லப் நிறுவனமே மலாயாவில் தோட்டங்களை வாங்கத் தொடங்கிற்று. பகாவ் வட்டாரத்துக் கெடிஸ் தோட்டமும் அதனுடையதாக இருந்தது. காடழித்து அம்மரங்களை நட்டவரும், விடியுமுன் பிரட்டுக்கு எழுந்து பால்வெட்டியவரும் பெரும்பாலும் தமிழரே.

ஆயின், தாம் வெட்டிய பாலில் விளைந்த சுகம் அவர்க்கு எளிதில் வந்ததா? பல காலம் காண்டாக் கம்பைத் தோளில் ஏந்தி, பால்வாளிகளுடன் நடந்தனர். பின்னர் மிதிவண்டி வந்தது. அப்போதும் இருக்கைக்குப் பின்னே பால்தோம்பு ஏறியது. ஒருவர்க்கென அமைந்த வண்டியில் ஒரு குடும்பமே சென்றது. துண்டு சுற்றிய முன்கம்பியில் பிள்ளை அமர்ந்தது. சாக்கை மடித்துப் போட்ட பின்தாங்கியில் மனைவி அமர்ந்தாள். ஆணுக்கு நிகராக மரம் வெட்டிய பெண்ணுக்கு வண்டியில் கிடைத்த இருக்கை பெரும்பாலும் அதுவே.

நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழகத்தில் இந்நிலையை மாற்றியது ஓர் எழுத்தறிவு இயக்கம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம், ஆட்சியர் சீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால், பெண்கள் மிதிவண்டி கற்பதையும் தன் பணியாக்கிற்று. பெண்களுக்குரிய வண்டி போதாமையால் பலர் ஆண்களின் வண்டியையே ஓட்டினர். முன்கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என அதனை விரும்பியோரும் உண்டு. எலும்புக்கு ஏற்ற இருக்கையைப் பர்மிங்காம் தேடிற்று. பின்தாங்கியிலிருந்து முன்னிருக்கைக்கு வரும் உரிமையைப் புதுக்கோட்டைப் பெண்கள் தேடினர். இரண்டாவது தேடலே பெரிது என்பேன்.

செனாவாங்கில் இரப்பர் நிரைகள் நின்ற இடங்களில் இன்று தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் நிற்கின்றன. புரூக்சு, டன்லப் என்னும் பெயர்கள் பொருள்களில் பொறிக்கப்பட்டு நிலைத்தன. பால்வெட்டியவர் பெயர் எந்த டயரிலும் இல்லை. அப்பெயர்களை அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் எதில் ஏறிச் சென்றனர், எங்கே அமர்ந்தனர், எத்தனை கல் நடந்தனர் எனத் தம் மாணவர் கேட்டெழுத ஆசிரியர் வழிசெய்வாராக. வரலாற்றில் அவர்க்குரிய இருக்கையை அமைப்பது நம் கடன் அன்றோ?